ஒலிக்கலவையாளரின் மாதிரித் தொகுப்பு: உழைப்பும் பெயரும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலைத்தொழில்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதி அமைந்துவிடுகின்றனர். ஒலிப்பதிவுத் துறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மெழுகுத் தட்டு, காந்த ஒலிநாடா, பல்தடப் பதிவு, கணனி என்று இத்துறையின் வளர்ச்சியைப் படிமுறையாக விபரிக்கும் நூல்கள் பல உள. ஆயின் அக்கருவிகளின் முன்னே அமர்ந்திருந்தவர் யாரிடம் சம்பளம் பெற்றார், தமது திறமைக்கு எதனைச் சான்றாகக் காட்டினார், அச்சான்று யாருடைய உடைமையாக இருந்தது என்னும் வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. இவற்றுள் இறுதி வினாவையே நாம் இக்கட்டுரையில் சிறப்பாக நோக்கவிருக்கிறோம்.

இன்று சுயாதீனமாகத் தொழில் செய்ய முற்படும் ஓர் ஒலிக்கலவைப் பொறியியலாளருக்குக் கூறப்படும் முதல் அறிவுரை, மாதிரித் தொகுப்பொன்றை ஆயத்தஞ் செய்க என்பதாகும். தாம் கலந்த பாடல்களுள் சிறந்தவை சிலவற்றை ஒழுங்குபடுத்தி, வேலை தர வருவோர் கேட்டு முடிவுசெய்யத்தக்க வகையில் முன்வைக்க வேண்டும். இதனைத் தனிமனித முயற்சி, விளம்பரத் திறமை ஆகியவற்றின் பாற்பட்டதாகவே கைந்நூல்கள் விளக்குகின்றன. எமது கருத்து வேறு. மாதிரித் தொகுப்பு என்னும் தேவை எக்காலத்திலும் இருந்ததன்று; ஒலிக்கலவையாளர் சம்பள உழைப்பாளி என்னும் நிலையிலிருந்து பெயர்க்கப்பட்ட ஒரு குறித்த வரலாற்றுக் கட்டத்திலே அது தோன்றியது. அத்தொகுப்பிலே வைக்கப்படும் பொருள் பெரும்பாலும் தொகுப்பவருக்குச் சொந்தமன்று என்பதே இதில் உள்ள அடிப்படை முரண்பாடு.

இவ்விடத்தில் தொழிலின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒரு பாடல் பதிவாகும்பொழுது குரல், முரசு, நரம்புக் கருவிகள் முதலியன தனித்தனித் தடங்களிலே பதியப்படுகின்றன. அவற்றின் அளவு, நிறம், இடம், ஆழம் ஆகியவற்றை இசைவித்து ஒன்றாக்குவதே ஒலிக்கலவை. கொத்தன் தான் கட்டிய சுவரைச் சுட்டிக் காட்டலாம். தச்சனுடைய நாற்காலி தச்சனின்றியும் நிற்கும். கலவையாளருடைய உழைப்போ பாடகரின் குரலுக்குள் கரைந்துவிடுகிறது. கேட்போர் அதனை உணராதிருப்பதே பலவேளைகளில் அவ்வுழைப்பின் வெற்றி எனலாம். தன்னை மறைத்துக்கொள்வதில் நிறைவெய்தும் ஓர் உழைப்பு, தன்னைக் காட்டிப் பிழைக்க வேண்டிய நிலைக்கு வந்தது எவ்வாறு?

இலண்டன் அபே வீதியிலே 1931 இல் திறக்கப்பட்ட ஈ.எம்.ஐ. கம்பனியின் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து தொடங்குவோம். அது ஓர் ஒலிப்பதிவுக்கூடம் என்பதைவிட அரசாங்கக் கந்தோர் ஒன்றை ஒத்திருந்தது எனின் மிகையாகாது. தொழில்நுட்பப் பிரிவினர் வெள்ளை மேலங்கி அணிந்தனர். கலவை மேசையில் அமர்ந்தோர் கழுத்துப்பட்டியுடன் காணப்பட்டனர். அவர்கள் அன்று சமநிலைப் பொறியியலாளர் என்றே அழைக்கப்பட்டனர். ஒலிநாடாவை இயக்கும் உதவியாளராகச் சேரும் இளைஞர், தட்டு வெட்டும் பிரிவையும் கடந்து, ஆண்டுகள் பல சென்றபின் கலவை மேசையை அடைவார். ஒலிவாங்கியைப் பெருமுரசுக்கு எவ்வளவு அருகில் வைக்கலாம் என்பதற்குக் கூட அங்கு விதி இருந்தது. இத்தகைய அமைப்பிலே ஒருவருடைய திறமைக்குச் சான்று அவர் ஏறிய படியேயாம். பாடகர் கலவையாளரைத் தெரிவுசெய்வதில்லை. கம்பனி அமர்த்திய கலவையாளரிடம் பாடகர் வந்து சேர்ந்தார். வாடிக்கையாளர் என்னும் ஒருவர் கலவையாளரின் முன் தோன்றவேயில்லை. ஆகையால் மாதிரித் தொகுப்புக்கும் இடமிருக்கவில்லை.

பாதுகாப்பு இருந்த அவ்விடத்தில் பெயர் இருக்கவில்லை. ஜெஃப் எமரிக் 1962 இல் பதின்ம வயதிலேயே உதவியாளராக அங்கு சேர்ந்தவர். 1966 இல், இருபது வயதில், பீற்றில்ஸ் குழுவினரின் 'ரிவோல்வர்' பதிவுகளுக்குக் கலவை மேசையில் அமர்ந்தார். மேற்கூறிய ஒலிவாங்கி விதியை மீறியவரும் அவரே. அடுத்த ஆண்டு வெளிவந்த 'சார்ஜன்ற் பெப்பர்ஸ்' இசைத்தட்டு, பொறியியலுக்கான கிராமி விருதை 1968 இல் அவருக்குப் பெற்றுக்கொடுத்தது. எனினும் அவ்விசைத்தட்டின் மூல உறையில் அவருடைய பெயர் இல்லை. உறையின் படத்துக்கு மெழுகுப் பொம்மைகளை வழங்கிய மடம் துசோ காட்சிச்சாலையின் பெயர் அங்கே அச்சிடப்பட்டுள்ளது. பொம்மையை இரவல் கொடுத்தோருக்கு அளிக்கப்பட்ட மதிப்பு, இசைத்தட்டின் ஒலியை உருவாக்கிய ஊழியருக்கு அளிக்கப்படவில்லை. இதில் எவருடைய தனிப்பட்ட கெடுமதியையும் தேட வேண்டியதில்லை. சம்பளத்துக்கு ஈடாக உழைப்பு மட்டுமன்றி உழைப்பின் அடையாளமும் கம்பனியைச் சேர்ந்துவிடுகிறது என்னும் விதியின் இயல்பான விளைவே இது.

இதே காலப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் வேறொரு வழியும் திறந்திருந்தது. ரூடி வான் கெல்டர் (1924–2016) கண் பரிசோதகராகக் கற்றுத் தேறியவர். பகலில் கண் பரிசோதனையால் வரும் வருமானம். ஏனைய வேளைகளில் நியூ ஜேர்சி மாநிலத்து ஹக்கன்சாக் நகரில் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையிலே ஜாஸ் இசைப்பதிவு. 1950களின் முற்பகுதியில் புளூ நோட் கம்பனியின் அல்பிரட் லயன் அவரிடம் வந்தார். பிரெஸ்ரிஜ், சவோய் ஆகிய சிறு கம்பனிகளும் வந்தன. அந்த வரவேற்பறையின் புகழ் எத்தகையதெனில், தெலோனியஸ் மங்க்கின் இசையாக்கம் ஒன்று 'ஹக்கன்சாக்' என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. 1959 இல் எங்கிள்வூட் கிளிஃப்ஸ் என்னும் இடத்தில் தனிக்கூடம் கட்டிய பின்னரே அவர் கண் பரிசோதனைத் தொழிலை விட்டார். ஜோன் கொல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் பதிவானது அங்கேதான். தமது ஒலிவாங்கிகளை எங்கே வைத்தார், எவற்றைப் பயன்படுத்தினார் என்பதையெல்லாம் அவர் மிகவும் மறைத்துப் பாதுகாத்தார். கூலியுழைப்பாளிக்கு இரகசியம் இருக்க இயலாது; அது மேலாளரின் ஏட்டில் விதியாக எழுதப்பட்டுவிடும். சுயாதீனக் கைவினைஞருக்கு இரகசியமே மூலதனம்.

வான் கெல்டர் தாமே தட்டையும் வெட்டினார் என்பது மிக முக்கியமானது. இசைத்தட்டில் இறுதிப் பாடலின் கோடு முடியும் இடத்துக்கும் நடுத்தாளுக்கும் இடையே ஒலியற்ற ஒரு வளையம் உண்டு. அவ்வளையத்திலே அவர் தமது பெயரின் முதலெழுத்துகளைக் கையால் கீறினார். பிற்காலத்தில் முத்திரையாகவும் பொறித்தார். உறை கிழியலாம், மறுபதிப்பில் மாறலாம். தட்டில் பொறித்த அடையாளத்தைத் தட்டோடன்றி அழிக்கவியலாது. ஆலயத் தூணின் அடியில் சிற்பி தனது குறியைச் செதுக்குவதை இது நினைவூட்டுகிறது. விற்பனையான ஒவ்வொரு தட்டும் அவருடைய மாதிரித் தொகுப்பின் ஓர் ஏடாயிற்று. அதனைப் பரப்பும் செலவு முழுவதும் கம்பனிகளையே சார்ந்தது. ஆயினும் பதிவுகள் அவருக்கு உரியன அல்ல. புளூ நோட் 1965 இல் கைமாறியது, பின்னர் ஈ.எம்.ஐ. கம்பனியின் கைக்குச் சென்றது. 1990களின் இறுதியில் அப்பதிவுகள் வான் கெல்டரின் பெயரெழுத்துகளையே விற்பனை அடையாளமாகத் தாங்கி இறுவட்டுகளாக மீண்டும் வெளிவந்தன. 1967 இல் தன் சொந்த ஊழியரின் பெயரை உறையில் இடாத அதே கம்பனி, முப்பது ஆண்டுகளின் பின் ஒரு பொறியியலாளரின் பெயரைக் கொண்டே பழைய சரக்கைப் புதிதாக விற்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தனது வீட்டிலேயே கருவிகளை வைத்திருப்பது மட்டும் விடுதலையைத் தந்துவிடவில்லை என்பதற்கு ஜோ மீக் சான்று. அவர் 1960 இல் கம்பனி வேலையைவிட்டு நீங்கி, இலண்டன் ஹொலொவே வீதியில் தோற்பொருட்கடை ஒன்றின் மேல்மாடியில் பதிவுசெய்த 'ரெல்ஸ்ரார்' 1962 இல் ஐக்கிய அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதன் உரிமை பற்றிய வழக்கினால் பணம் தடைப்பட்டது. 1967 இல் அவர் இறக்கும்வரை வழக்கு முடியவில்லை.

இதுவரை நாம் குறிப்பிட்டோரின் காலத்தில் பதிவும் கலவையும் பெரும்பாலும் ஒரே வேலையாகவே இருந்தன. இசைக்குழு வாசிக்கும்பொழுதே சமநிலையும் முடிவாகிவிடும். இவ்விரண்டையும் பிரித்தது பல்தட ஒலிநாடா. லெஸ் போலுக்காக அம்பெக்ஸ் கம்பனி 1957 இல் எட்டுத்தட இயந்திரம் ஒன்றை அமைத்தது. அபே வீதியில் எட்டுத் தடங்கள் பயன்பாட்டுக்கு வந்தது 1968 இல். எழுபதுகளில் இருபத்துநான்கு தடங்கள் பொதுவழக்காயின. முடிவெடுப்பதைப் பிற்போடலாம் என்ற நிலை ஏற்பட்டதும், அம்முடிவை எடுப்பதற்கென்றே ஒருவரைத் தனியாக அழைக்கலாம் என்ற நிலையும் கூடவே வந்தது. உழைப்புப் பிரிவினை ஒரு புதிய தொழிலையே பெற்றெடுத்தது.

அப்புதிய தொழிலுக்கு முன்னோடியாக, இங்கிலாந்தில் முதன்முதலாகச் சுயாதீனமாக இயங்கிய பொறியியலாளர்களுள் ஒருவரான கிளின் ஜோன்ஸைக் குறிப்பிட வேண்டும். ஐ.பி.சி. ஒலிப்பதிவுக்கூடத்தில் பயின்ற அவர், பின் எந்தக் கூடத்தையும் சாராது, தம்மை அழைத்த குழுவினரோடு சென்று பணியாற்றினார். இலண்டன் ஒலிம்பிக் கூடத்தில் 1968 இல் பதிவான லெட் செப்பலின் குழுவின் முதலாவது இசைத்தட்டில் அவருடைய பெயர் பொறியியல் நெறியாளர் என அச்சாகியது. அடுத்த தலைமுறையில் நியூயோர்க்கின் மீடியா சவுண்ட், பவர் ஸ்ரேஷன் ஆகிய கூடங்களிலிருந்து எழுந்த பொப் கிளியர்மவுண்டன் ஒலிக்கலவையை ஒரு தனித் துறையாகவே நிலைநிறுத்தினார். ரோலிங் ஸ்ரோன்ஸின் 'ரற்று யூ' (1981), ரொக்ஸி மியூசிக்கின் 'அவலோன்' (1982), ஸ்பிரிங்ஸ்ரீனின் 'போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.' (1984) ஆகியவற்றின் கலவை அவருடையது. 'கலவை: இன்னார்' என்னும் ஒரு வரி உறையிலே இடம்பெறத் தொடங்கியது. பொதுமக்கள் அவ்வரியைப் படித்தனரோ இல்லையோ, வேலை கொடுப்போர் படித்தனர். அவ்வரியே மாதிரித் தொகுப்பு. அதனை எவரும் தனியாகத் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. செய்த வேலை தானாகவே அடுத்த வேலைக்குச் சான்றாயிற்று.

கூடம் விட்டுக் கூடம் செல்லும் இத்தொழிலாளர் தமக்கென்று எடுத்துச் சென்ற பொருள்களுள் ஒன்று யமஹா கம்பனியின் என்.எஸ். 10 என்னும் சிறு ஒலிபெருக்கி. 1978 இல் வீட்டுப் பாவனைக்கென வெளியிடப்பட்ட இது அங்கே வரவேற்பைப் பெறவில்லை. ஆனால், இதில் நன்றாகக் கேட்கும் கலவை எங்கும் நன்றாகக் கேட்கும் என்று கலவையாளர் நம்பினர்; 2001 இல் உற்பத்தி நின்றபின்னும் பலர் அதனைக் கைவிடவில்லை. மேசையும் சுவரும் பிறருடையனவாக இருக்கும்பொழுது, அளவுகோல் ஒன்றாவது தன்னுடையதாக இருத்தல் வேண்டும் என்னும் தேவை இதிற் புலனாகின்றது.

அடுத்த மாற்றம் விரைந்து நிகழ்ந்தது. 1979 இல் ரஸ்காம் கம்பனி ஒலிநாடாப் பேழையில் நான்கு தடம் பதியும் சிறு இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. ஸ்பிரிங்ஸ்ரீன் 1982 இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' அத்தகைய இயந்திரத்தில் வீட்டிலிருந்து பதிந்ததே. 1991 இல் கணனியில் இயங்கும் புரோ ரூல்ஸ் வெளிவந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பெருங்கூடத்தின் கருவிகளிற் பெரும்பகுதி மென்பொருளாகி ஒரு மேசைக் கணனிக்குள் அடங்கிவிட்டது. நியூயோர்க்கின் ஹிற் பக்ரறி 2005 இலும், மேற்குறிப்பிட்ட ஒலிம்பிக் கூடம் 2009 இலும் மூடப்பட்டன. ஒலிம்பிக் பின்னர் திரைப்பட மாளிகையாகத் திறக்கப்பட்டது. உற்பத்திச் சாதனங்கள் உழைப்பவரின் கைக்கு வந்துவிட்டன என்று இதனை மகிழ்ந்து வரவேற்றோர் உளர். அம்மகிழ்ச்சியில் நியாயமுண்டு. பணமும் அறிமுகமும் அற்ற ஓர் இளைஞர், முன்னர் நுழையவே இயலாதிருந்த ஒரு தொழிலுக்குள் இன்று நுழைகிறார். ஆனால் கூடம் மூடப்பட்டபொழுது கூடவே மூடப்பட்டது உதவியாளரிலிருந்து கலவையாளர்வரை இருந்த ஏணி. ஆசிரியரும் சம்பளமும் படிப்படியான சான்றும் ஒரே இடத்தில் கிடைத்த நிலை மறைந்தது.

ஏணி மறைந்த அதே வேளையில் உறையும் மறைந்தது. அப்பிள் கம்பனி 2003 இல் திறந்த இணைய இசைக்கடையில் ஒரு பாடலை வாங்கியவருக்குப் பாடகர் பெயர், தொகுப்பின் பெயர், ஆக்கியோர் பெயர் முதலியன வந்தன. சில தொகுப்புகளோடு மின்னேடு இணைக்கப்பட்டதுண்டு. தனிப்பாடலாக வாங்கியவருக்கு அதுவும் கிட்டவில்லை. 2008 இல் தொடங்கிய ஸ்பொட்டிஃபை, இயற்றியோர், தயாரிப்பாளர் ஆகியோரின் பெயர்களைக் கேட்போருக்குக் காட்டத் தொடங்கியது 2018 இலேதான். அன்று தொடங்கிய பட்டியலிற் கலவையாளருக்கு இடமிருக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் இத்தொழிலின் நினைவைப் பெருமளவு காத்தவர்கள் இசைத்தட்டுச் சேகரிப்போரே. 2000 இல் தொடங்கிய டிஸ்கொக்ஸ் என்னும் இணையப் பட்டியலில் உறைகளைப் பார்த்துப் பெயர்களைப் பதிந்தவர்கள் அவர்கள்தாம். வான் கெல்டரின் முத்திரை எந்தத் தட்டில் உண்டு என்பதும் அப்பட்டியலில் இருக்கிறது. பெருங்கம்பனிகள் செய்திருக்க வேண்டிய பதிவேட்டு வேலையை ஊதியமின்றிச் செய்தோர் இரசிகர்.

தமிழ் வாசகருக்கு அணுக்கமான ஒரு சான்றும் உண்டு. 1990களில் ஏ. ஆர். ரகுமானின் ஒலிநாடா, இறுவட்டு உறைகளிலே கருவி இசைத்தோரின் பெயர்களோடு பொறியியலாளரின் பெயரும் அச்சாகியது. 2008 இல் காலமான எச். ஸ்ரீதர் என்னும் ஒலிப்பொறியியலாளரின் பெயரைத் திரைத்துறைக்கு வெளியே இருந்தோரும் அறிந்தது இவ்வாறே. 'தில் சே' படத்துக்கு இந்திய தேசிய விருது பெற்றவர் அவர். உறையில் ஒரு வரி இருந்தமையால் ஒரு பெயர் நின்றது. அதே காலத்தில் அதே நகரத்தில் உழைத்து, உறையில் இடம்பெறாத மற்றோரை நாம் எங்கே தேடுவது?

இப்பின்னணியில் வைத்து நோக்கும்பொழுதுதான் இன்றைய மாதிரித் தொகுப்பின் பொருள் விளங்கும். முன்னர் நிறுவனப் படிநிலையும் பின்னர் உறையின் வரியும் ஆற்றிய பணியை இன்று தனியொருவர் தமது ஓய்வு நேரத்தில் ஆற்ற வேண்டியுள்ளது. தொடக்கத்தில் அவரிடம் காட்டுவதற்கு வேலை இல்லை. காட்டாமல் வேலை கிடைப்பதுமில்லை. ஆகவே அறிமுகமான குழுக்களுக்குக் கூலியின்றிக் கலந்து கொடுக்கிறார். இக்கூலியற்ற உழைப்பைப் பயிற்சி என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஈ.எம்.ஐ. கூடத்து உதவியாளருக்குப் பயிற்சிக் காலத்திலும் சம்பளம் இருந்தது என்பதை இவ்வாறு அழைப்போர் நினைப்பதில்லை. இன்னொரு வழி, பயிற்சிக்கென இலவசமாக வழங்கப்படும் தடங்களைக் கலப்பது. மைக் சீனியர் என்னும் ஆங்கில எழுத்தாளர் தமது கைந்நூலுக்குத் துணையாக இத்தகைய பெருந்தொகுதி ஒன்றை இணையத்தில் வைத்துள்ளார். மிகப் பயனுள்ள கைங்கரியம். ஆனால் அத்தடங்கள் கல்விக்கே உரியன. அவற்றைக் காட்டி வாடிக்கையாளரைத் தேடுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். மேலும் உலகெங்கும் மாணவர் அதே பாடல்களையே கலக்கின்றனராதலால், அவை கலப்பவரைத் தனித்து அடையாளங் காட்டுவதுமில்லை.

தொகுப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பது பற்றித் தொழிலில் நிலைத்தோர் கூறுவதில் ஒரு பகுதி நியாயமானது. பாடல்கள் சிலவாக இருத்தல் வேண்டும். முதற் பாடலின் முதற் கணங்களிலேயே கேட்பவர் தீர்ப்பளித்துவிடுகிறார். நாட்டார் பாடகர் ஒருவர் தம் பாடலுக்கு ஆள் தேடுகையில் அவருக்கு முழங்கும் உலோக இசையைக் கேட்கக் கொடுப்பதிற் பயனில்லை. வருபவரின் இசைவகைக்கு ஏற்பத் தொகுப்பு வேறுபட வேண்டும். கலப்பதற்கு முன்னிருந்த நிலையையும் பின்னிருந்த நிலையையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யும் முறையும் இப்போது பரவலாக உள்ளது. பாடகரின் குரலுக்குள் கரைந்த உழைப்பை மீளப் பிரித்துக் காட்ட வல்ல ஒரே முறை இதுவே என்பதால் இதனை நாம் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறோம்.

எனினும் இம்முறையில் எளிதான ஓர் ஏமாற்று உண்டு. மனிதச் செவி ஒலியின் அளவுக்கேற்பத் தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளை வேறுபட்ட வகையில் உணர்கிறது என்பதை பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து காட்டினர். சற்று உரத்து ஒலிப்பது செறிவானதாகவும் சிறந்ததாகவும் தோன்றும். எனவே பிந்திய நிலையைச் சற்றே உரக்க வைத்துவிட்டால், எதுவும் செய்யாமலேயே மேம்பாடு செய்ததாகக் காட்டிவிடலாம். உணரப்படும் ஒலியளவை அளப்பதற்குச் சர்வதேச நியமம் ஒன்று 2006 இல் வகுக்கப்பட்டது. அதனைக் கொண்டு இரு நிலைகளையும் சமப்படுத்திக் காட்டுவதே நேர்மை. சமப்படுத்தாது காட்டுவோர் மலிந்த சந்தையில் சமப்படுத்துபவரே நட்டமடைகிறார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

முன்னிலையைக் காட்டுவதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. கலவைக்கு முந்திய நிலையில் பாடகரின் குரல் வழு, முரசின் தடுமாற்றம் எல்லாம் அப்படியே கேட்கும். அதனை உலகறியக் காட்டக் கலைஞர் இசைவதில்லை. இசைய வேண்டும் என்று கேட்பதும் முறையன்று. பதிவின் உரிமை கம்பனியிடமோ கலைஞரிடமோ உள்ளது. வெளிவராத பாடலைக் கலவையாளர் எவருக்கும் கேட்கக் கொடுக்கவியலாது. வெளிவராமலேயே போன பாடலில் அவர் செலவிட்ட உழைப்பு அவருடைய வரலாற்றிலிருந்தே நீங்கிவிடுகிறது.

தொகுப்புகளைக் கூட்டி விற்கும் சந்தைகளும் தோன்றின. 2012 இல் நியூயோர்க்கில் தொடங்கிய சவுண்ட்பெற்றர் இத்தகையது. கலவையாளர் தம் மாதிரிகளை அங்கு வைக்க, வாடிக்கையாளர் தெரிவுசெய்வர். ஸ்பொட்டிஃபை 2019 இல் அதனை வாங்கி, 2021 இல் நிறுவியோருக்கே மீள விற்றது. ஈராண்டுக் காலம், கேட்போர் பாடலைக் கேட்கும் இடமும் பாடலைக் கலப்பவர் வேலை தேடும் இடமும் ஒரே கம்பனியின் கையில் இருந்தன. அங்கே சேர்ந்த பாராட்டுரைகளும் மதிப்பெண்களும் ஒருவரின் சான்றாக அமைந்தாலும், அவற்றை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் வழி எளிதன்று.

இச்சூழலில் அனுபவமுள்ள சுயாதீனக் கலவையாளர் வேலையை ஏற்குமுன் எழுத்திலே கேட்டுப் பெறும் நிபந்தனைகளுள் இரண்டு கூலியைப் பற்றியன அல்ல. பெயர் குறிப்பிடப்படும் இடங்களிலெல்லாம் தமது பெயரும் இடம்பெற வேண்டும் என்பது ஒன்று. பாடல் வெளிவந்த பின் அதன் ஒரு பகுதியை, கலைஞர் ஏற்குமிடத்து முன்னிலையோடு சேர்த்து, தமது தொகுப்பில் ஒலிக்கச் செய்யும் உரிமை மற்றையது. கூலி குறைவாகத் தரக்கூடிய சிறு கலைஞரிடம் வேலையை ஏற்பவர், அக்குறைவுக்கு ஈடாக இவ்விரண்டையும் வலியுறுத்துகிறார். பணம் நிறைந்த பெருங்கம்பனியிடம் பேசுபவரோ முதலாவதைப் பெற்று இரண்டாவதை விட்டுக்கொடுக்க நேர்கிறது. வான் கெல்டருக்கு எவரையும் கேளாமலே வாய்த்த ஒலியற்ற வளையம் இன்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகமாகப் பேரம் பேசப்படுகிறது.